ஜான் கூப்பர்

ஜான் கூப்பர் (ஜூலை 17, 1923 – டிசம்பர் 24, 2000) இங்கிலாந்தைச் சேர்ந்த பந்தயத் தானுந்து வடிவமைப்பாளர். கூப்பர் கார் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். பார்முலா 1 பந்தயத்தில், பொறியை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தும் முறையை நிலைபெறச் செய்தவர். ராலி பந்தயங்களில் புகழ்பெற்ற மினி கூப்பர் இவரது பெயரைத் தாங்கியது.

இளமையும் பந்தயக் கார்களும்

கூப்பர் சர்ரே மாவட்டத்தின் சர்பிட்டன் நகரில் பிறந்தார். தந்தை சார்லசு கூப்பர் தானுந்துப் பணிமனை நடத்தி வந்தார். கூப்பர் 15 வயதில் பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டுக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்றார். 1946 இல் தந்தையுடன் சேர்ந்து 500 கன செ.மீ. பந்தயக் காரை உருவாக்கினார். அதன் சட்டம் இரு பியட் டோபோலினோ கார்களின் முன்பகுதிகளை இணைத்துச் செய்யப்பட்டது. மோட்டார் சைக்கிள் பொறி சங்கிலி மூலம் பின்சக்கரங்களை இயக்க வேண்டியிருந்ததால், அது ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கப்பட்டது. வசதிக்காகச் செய்யப்பட்ட இந்த அமைப்பே பின்னர் கூப்பர் கார்களின் அடையாளமாயிற்று. 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் ஜாக் பிரபாம் கூப்பர் காரில் உலகப் பட்டம் வென்றார்.

மினி கூப்பரும் போட்டி அங்கீகாரமும்

அலெக் இசிகோனிசு வடிவமைத்த மினி 1959 இல் வெளிவந்தது. அதன் சாலைப் பிடிப்பைக் கண்ட கூப்பர், ஆற்றல்மிக்க வகை ஒன்றை உருவாக்க விரும்பினார். மினியை எளிய மக்களுக்கான ஊர்தியாகக் கருதிய இசிகோனிசு முதலில் ஆர்வம் காட்டவில்லை. எனவே கூப்பர் பிஎம்சி நிறுவனத் தலைவர் ஜார்ஜ் ஆரிமனை அணுகினார்.

இதில் ஒரு தடை இருந்தது. ஒரு காரை உற்பத்திக் கார்களுக்கான பந்தயப் பிரிவில் ஓட்ட, அது உண்மையில் விற்பனைக்கு வந்த மாதிரி என்பதை நிறுவி அங்கீகாரம் பெற வேண்டும். இது ஓமோலொகேசன் எனப்படும். இரண்டாம் குழுவுக்கு 1000 கார்கள் தேவைப்பட்டன. அத்தனை கார்கள் விலைபோகுமா என ஆரிமன் ஐயுற்றாலும் இசைந்தார். ஒவ்வொரு காருக்கும் கூப்பருக்கு 2 பவுண்டு உரிமத்தொகை அளிக்கப்பட்டது. 997 கன செ.மீ. பொறியும் முன்சக்கர வட்டு நிறுத்திகளும் கொண்ட மினி கூப்பர் 1961 இல் வெளியானது. பத்தாண்டுகளில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கூப்பர் வகை மினிகள் விற்பனையாயின.

1963 இல் 1071 கன செ.மீ. கூப்பர் எஸ் வந்தது. 1964 இல் சேர்க்கப்பட்ட 970, 1275 கன செ.மீ. வகைகள் முறையே 1000, 1300 கன செ.மீ. வரம்புடைய பந்தயப் பிரிவுகளைக் கருதியே அமைக்கப்பட்டன.

மான்டே கார்லோ ராலி

ராலி கார்களை பிஎம்சியின் அபிங்டன் போட்டிப் பிரிவு ஆயத்தம் செய்தது. 1964 இல் பாடி ஆப்கிர்க், 1965 இல் டிமோ மாக்கினென், 1967 இல் ரவுனோ ஆல்டோனென் ஆகியோர் மினியில் வென்றனர். 1966 இலும் முதல் மூன்று இடங்களை மினிகளே பிடித்தன. அவ்வாண்டு முதல் குழுவுக்கு 5000 கார்கள் தேவை என்ற புதிய விதி இருந்தது. கூப்பர் எஸ் அதனையும் நிறைவு செய்திருந்தது. ஆயினும் முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் முறை விதிக்கு முரணானது என அம்மூன்றும் நீக்கப்பட்டன. சித்ரோயன் ஓட்டிய பவுலி டொய்வோனென் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

பிற்காலம்

1964 இல் தந்தை இறந்தபின், 1965 இல் கூப்பர் தம் பார்முலா 1 அணியை விற்றார். 1971 இல் மினி கூப்பர் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1990 இல் ரோவர் நிறுவனம் அப்பெயரை மீண்டும் பயன்படுத்தியது. பிரித்தானிய அரசின் சிபிஈ விருது பெற்ற கூப்பர், 2000 இல் தமது 77 ஆம் வயதில் காலமானார்.

படியெடுப்புக் கார்கள்

அக்கால ராலி மினிகளைப் போன்று புதிதாகக் கட்டப்படும் கார்களும் வரலாற்றுப் பந்தயங்களில் ஓடுகின்றன. இதற்குப் பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் வரலாற்றுத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு தேவை. காரின் பாகங்கள் 1960களின் அங்கீகாரப் படிவத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படும். இச்சீட்டு கார் அக்கால அமைப்பில் உள்ளது என்பதை மட்டுமே காட்டும்; அது அசல் பந்தயக் கார் என்பதற்குச் சான்றாகாது.