விளக்கு மட்டுமா?

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் கையில் விளக்கோடு நிற்கும் படம்தான் ஞாபகம் வரும். இஞ்சினியரான எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது அவர் போட்ட கணக்கால்!

1820-ல் பிறந்த வசதியான வீட்டுப் பெண். நர்ஸ் வேலையா, கூடவே கூடாது என்று வீட்டில் ஒரே எதிர்ப்பு. மீறித்தான் போனார். கிரிமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களோடு துருக்கியின் ஸ்கூட்டரி ராணுவ ஆஸ்பத்திரியில் போய் இறங்கினார். ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்டும் சாவு குறையவில்லை. கட்டடத்துக்கு அடியிலேயே சாக்கடை அடைத்துக் கிடந்தது! 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு அதைச் சுத்தம் செய்த பிறகுதான் சாவு மளமளவென்று இறங்கியது.

1856-ல் நாடே வரவேற்கக் காத்திருக்க, இவரோ ஸ்மித் என்று பேரை மாற்றிக்கொண்டு சத்தமில்லாமல் ஊர் திரும்பினார். பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். காயத்தைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்களே மிக அதிகம். தன் ஆஸ்பத்திரியையும் விட்டுவைக்காமல் 1858-ல் வண்ண வரைபடமாகவே போட்டுக் காட்டினார். எத்தனை பேருக்கு இந்தத் துணிச்சல் வரும், சொல்லுங்கள்?

மக்கள் நன்றியோடு திரட்டித் தந்த சுமார் 44,000 பவுனில்தான் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி பிறந்தது.

1910-ல் மறைந்தார். பிறந்த நாளான மே 12-தான் உலக செவிலியர் தினம். கூடப் போன அந்த 38 பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?