ஆர்ஸ் பங்கில் நாற்பத்தொரு ஆண்டுகள்

ஜூபிலி ஆண்டில் நம் முன்னோரையும், இப்பங்கில் உழைத்த குருக்களையும் நன்றியோடு நினைவு கூருகிறோம். அவ்வேளையில், பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கருகே தார்தியி கிராமத்தில், 1786 மே 8-ம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அவர் சிறுவனாயிருக்கையில் பிரெஞ்சுப் புரட்சி திருச்சபையை வாட்டியது. கோயில்கள் மூடப்பட்டன, குருக்கள் மாறுவேடத்தில் திரிந்தனர். 1799-ல் அவர் புதுநன்மை வாங்கியதும் ஒரு வீட்டில் இரகசியமாகத்தான். உயிரைப் பணயம் வைத்துத் திருப்பலி நிறைவேற்றிய குருக்களைக் கண்டே அவர் உள்ளத்தில் தேவ அழைத்தல் வேரூன்றியது.

ஆனால் பாதை எளிதாயில்லை. சிறுவயதில் பள்ளிப்படிப்பு வாய்க்காத அவருக்கு லத்தீன் மனதில் நிற்கவில்லை. 1809-ல் நெப்போலியனின் படைக்கு அழைக்கப்பட்டு, நோயால் பின்தங்கி, ஒரு மலைக் கிராமத்தில் ஒளிந்து வாழ நேரிட்டது. குருமடத்தில் பாடங்கள் புரியாமல் திருப்பி அனுப்பப்பட்டார். எக்குல்லி பங்குக் குரு பாலே அடிகளார் மட்டும் அவரைக் கைவிடவில்லை. தாமே கற்பித்தார், அவருக்காகப் பரிந்தும் பேசினார். 1815 ஆகஸ்டு 13-ம் நாள் கிரெனோபில் நகரில் குருப்பட்டம் பெற்றார்.

1818-ல் ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே சுமார் 230 பேரே இருந்தனர். ஞாயிறன்று வயலில் வேலை, மாலையில் மதுக்கடையும் நடனமும், கோயிலோ வெறிச்சோடியது. அவர் விடியுமுன் எழுந்து நற்கருணைப் பேழைமுன் முழந்தாளிட்டார். வீடுவீடாகச் சென்றார், ஞானோபதேசம் கற்பித்தார், வேகவைத்த உருளைக்கிழங்கைப் புசித்து நோன்பிருந்தார். 1824-ல் ஏழைச் சிறுமியருக்கு இலவசப் பள்ளி திறந்தார். ஊர் மெல்ல மெல்ல மனந்திரும்பியது. பின்னர் பிரான்சு முழுவதிலுமிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் பாவசங்கீர்த்தனத்திற்கு வந்தனர். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்வரை அவர் அத்தொட்டியில் அமர்ந்திருந்தார்.

இத்தகையவர் தம் பங்கைவிட்டு ஓடிப்போக முயன்றார் என்றால் நம்புவீர்களா? ஒருமுறையல்ல, பலமுறை! தாம் தகுதியற்றவர் என்ற அச்சமும், தனிமையில் தம் பாவங்களுக்காக அழவேண்டும் என்ற ஏக்கமும் அவரை வாட்டின. 1843-ல் இரவோடிரவாகப் பிறந்த ஊருக்கே போய்விட்டார். மக்கள் அங்கும் தேடிச் சென்றனர். அவர் திரும்பி வந்தார். 1853-ல் மறுபடியும் புறப்பட்டபோது, ஊரார் விழித்தெழுந்து வழிமறித்தனர். மீண்டும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கே திரும்பினார். 1859 ஆகஸ்டு 4-ம் நாள் ஆர்ஸிலேயே உயிர் துறந்தார். 1925-ல் பதினொன்றாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அன்பான பங்கு மக்களே! களைப்பும் சோர்வும், நம்மால் என்ன பயன் என்ற சோதனையும் குருவுக்கு உண்டு. நாமும் அதை அறியாதவரல்லோம். புனிதரைத் தாங்கி நிறுத்தியது இறைவனின் அருள். அவ்வருள் வந்த வழிகளுள் ஒன்று, அவரைத் தேடிச் சென்ற எளிய மக்களின் அன்பு. உங்கள் குருக்களுக்காக நாள்தோறும் ஒரு மங்கள வார்த்தையாவது சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவர்களைத் தனியே காத்திருக்க விடாதீர்கள். உங்கள் பிள்ளைகளுள் ஒருவனை இறைவன் அழைத்தால், படிப்பில் பின்தங்கியவன் என்று தடுக்காதீர்கள்.

புனித ஜான் மரிய வியான்னியே, எங்கள் பங்குக்காக வேண்டிக்கொள்ளும்!