சாம்பல் ஆண்டில் உமர் (ரலி)

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு (கி.பி. 639) ஹிஜாஸ் பூமியில் மழை பொய்த்தது. காற்று வாரியிறைத்த மண் சாம்பலைப் போலிருந்தமையால் மக்கள் அவ்வாண்டைச் சாம்பல் ஆண்டு என்றே அழைக்கலாயினர். சுமார் ஒன்பது மாதங்கள் நீடித்த அப்பஞ்சத்தில் கால்நடைகள் மடிந்தன. பாலைவனத்து ஏழைகள் கூட்டங்கூட்டமாக மதீனாவில் வந்து தங்கினர்.

அன்பர்களே! அன்று கலீபாவாக இருந்த உமர் பின் கத்தாப் (ரலி) அவர்கள் ஆற்றிய பணியைச் சிந்தித்துப் பாருங்கள். செழிப்பான மாகாணங்களின் ஆளுநர்களுக்கு உடனே கடிதங்கள் பறந்தன. சிரியாவிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் 4,000 ஒட்டகச் சுமை உணவுடன் வந்து சேர்ந்தார்கள்.

மதீனாவில் பெரும் பாத்திரங்களில் உணவு சமைக்கப்பட்டது. உண்ண வந்தோரை உமர் (ரலி) எண்ணச் செய்தார்கள். 7,000 பேர் இருந்தனர். அத்துடன் அவர்கள் மனம் அமைதியுறவில்லை. வர இயலாத நோயாளிகள், பெண்கள், குழந்தைகளையும் எண்ணச் செய்தார்கள். அவர்களோ 40,000 பேர் என வரலாற்றாசிரியர் இப்னு சஅத் குறிப்பிடுகிறார். அவர்களுக்குரிய பங்கு அவர்கள் இருந்த இடத்திற்கே அனுப்பப்பட்டது.

மக்கள் பசியாறும் வரை நெய்யும் பாலும் இறைச்சியும் தமக்கு வேண்டாமென விலக்கினார்கள் கலீபா. ரொட்டியும் எண்ணெயுமே உண்டதால் அவர்களது வெண்ணிற மேனி கறுத்தது. அவ்வாண்டு ஜகாத் வசூலை ஒத்திவைத்தார்கள். பசியால் திருடியோருக்குரிய தண்டனையையும் நிறுத்தி வைத்தார்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி இறைவனிடம் இறைஞ்சினார்கள், மழையும் பொழிந்தது. அத்துடன் பணி முடிந்ததா? இல்லை. வந்தோருக்கு உணவும் வாகனமும் அளித்துச் சொந்த மண்ணில் மீண்டும் வாழ வழியனுப்பினார்கள். பின்னர் எகிப்து இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வந்ததும், நைல் நதியைச் செங்கடலுடன் இணைக்கும் பழைய கால்வாயை ஆளுநர் அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்களைக் கொண்டு செப்பனிட்டார்கள். எகிப்தின் தானியம் கப்பலேறி வந்தது.

பஞ்சமும் புயலும் வெள்ளமும் எல்லோருக்கும் பொதுவாகவே வருகின்றன. ஆயினும் ஏழையின் குடிசையில்தான் அவை நெடுநாள் தங்குகின்றன. ஆகவே, உங்கள் மஹல்லாவில் நிவாரணம் வழங்க நேருமாயின், வரிசையில் நிற்போரை மட்டும் எண்ணி அமைதியடைந்து விடாதீர்கள். வர இயலாது வீட்டிலிருப்போரையும் எண்ணுங்கள்.