ரப்பரால் பறந்த விமானம்

1871-ம் வருடம் ஆகஸ்டு 18-ந் தேதி. பாரிஸ் நகரின் துய்லெரி தோட்டத்தில் சிலர் கூடியிருந்தார்கள். எல்லோரும் ஆகாயத்தில் பறக்கும் வழியை ஆராய்ந்து வந்தவர்கள். அவர்கள் முன்னால் 21 வயது வாலிபர் ஒருவர் ஒரு சின்னஞ்சிறு விமானத்தைக் கொண்டுவந்தார்.

அதன் இறக்கை ஒரு முழம். எடை 16 கிராம்தான்! விமானத்தை அவர் பறக்க விட்டார். அது வட்டமிட்டுப் பறந்தது. 11 விநாடிகளில் ஏறக்குறைய 180 அடி தூரம் சென்று, மெல்லத் தரையில் இறங்கியது.

அந்த வாலிபர் பெயர் அல்போன்ஸ் பெனோ.

கடற்படைக் கனவு

பெனோ 1850-ல் பாரிசில் பிறந்தார். தந்தை கடற்படையில் பெரிய அதிகாரி. மகனும் கடற்படையில் சேர ஆசைப்பட்டார். ஆனால் இடுப்பு நோய் அவரை முடக்கியது. கடல் கைவிட்டதும் அவர் மனம் ஆகாயத்தை நாடியது.

பறக்கும் பொம்மைக்கு இலேசான விசை வேண்டும். நீராவி எந்திரமோ கனமானது. பெனோ என்ன செய்தார் தெரியுமா? ரப்பரை எடுத்து முறுக்கினார்! முறுக்கிய ரப்பர் அவிழும்போது விசிறி சுழன்றது. 1870-ல் இந்த முறையில் சிறு ஹெலிகாப்டர் ஒன்றைப் பறக்கவிட்டார். விலை மலிந்த சரக்கு, வேலையோ பெரிது!

ஏன் விழவில்லை?

ஆள் இல்லாத விமானம் தலைகுப்புற விழாமல் இருப்பது எப்படி? பெனோ வால் பக்கம் ஒரு சிறு இறக்கையைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தினார். மூக்கு தாழ்ந்தால், காற்று வாலைக் கீழே அழுத்தும். மூக்கு தானே நிமிரும். பெரிய இறக்கையின் இரு முனைகளையும் மேல்நோக்கி வளைத்தார். ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பக்கம் மறுபடி எழும்பிவிடும்.

நிறைவேறாத ஆசை

1876-ல் இருவர் ஏறிச் செல்லும் பெரிய விமானத்துக்குத் திட்டம் வரைந்து, நண்பர் கோஷோவுடன் காப்புரிமை பெற்றார். நிலத்திலும் நீரிலும் இறங்கும் விமானம் அது. சக்கரங்கள் மடங்கிக்கொள்ளும். ஒரே பிடியால் அதைச் செலுத்தலாம். ஆனால் அதற்கு ஏற்ற இலேசான எந்திரம் அன்று உலகில் இல்லை. பணம் கொடுக்கவும் ஆள் இல்லை.

நோயும் ஏமாற்றமும் அவரை வாட்டின. தம் வரைபடங்களை ஒரு சிறு சவப்பெட்டியில் வைத்து, ஆகாயக் கப்பல் செய்து புகழ்பெற்ற ஹென்றி ஜிஃபாருக்கு அனுப்பினார் என்று சொல்வார்கள். 1880 அக்டோபரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 30.

இரண்டு சிறுவர்கள்

அவர் இறப்பதற்கு முன்பே, 1878-ல், அமெரிக்காவில் பாதிரியார் ஒருவர் தம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பொம்மை வாங்கி வந்தார். பெனோ கண்ட முறையில் ரப்பரால் பறக்கும் பொம்மை அது. சிறுவர்கள் அது உடையும்வரை விளையாடினார்கள். பிறகு அதேபோல் தாங்களே செய்து பார்த்தார்கள்.

அந்தச் சிறுவர்கள்தான் வில்பர் ரைட், ஆர்வில் ரைட்! 1903 டிசம்பர் 17-ந் தேதி அவர்கள் எந்திர விமானத்தில் பறந்தார்கள். பெனோ உயிரோடு இருந்திருந்தால் அன்று அவருக்கு 53 வயதுதான்.