மூன்று ரூபாய்ப் பயணம்

மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்கு 1896-ஆம் ஆண்டில் ரயில் கட்டணம் சரியாக மூன்று ரூபாய். அந்த ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, சனிக்கிழமை நடுப்பகலில், மதுரை ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்த ஒரு பையனின் கையிலும் சரியாக மூன்று ரூபாய் இருந்தது. இருந்தும் அவன் திருவண்ணாமலைக்கு டிக்கெட் வாங்கவில்லை. மறுநாளே முடிந்திருக்க வேண்டிய பயணம் அதனால் நாலாம் நாள் வரை நீண்டது. நடுவழியில் காசு தீர்ந்தது, கால் ஓய்ந்தது, முன்பின் அறியாத ஊரில் நினைவு தப்பி விழும்படியும் ஆயிற்று.

பையனின் பெயர் வேங்கடராமன். வயது பதினாறு முடிந்து எட்டு மாதம். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது இவரைத்தான்.

பழைய அட்லஸ்

வேங்கடராமன் பிறந்தது திருச்சுழியில், 1879 டிசம்பர் 30-ந் தேதி. தந்தை சுந்தரம் ஐயர் அவ்வூரில் வக்கீல். அவர் 1892-ல் காலமானதும் குடும்பம் பிரிந்தது. வேங்கடராமனும் தமையன் நாகசாமியும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டில் வளர்ந்தார்கள். தாய் அழகம்மாள் மற்றக் குழந்தைகளுடன் மானாமதுரையில் இருந்தாள்.

பையன் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தான். கால்பந்து, குஸ்தி, நீச்சல் என்றால் முன்னால் நிற்பான். பாடத்தில் அக்கறை போதாது. 1896 ஜூலை நடுவில் ஒரு நாள், உடம்பில் ஒரு நோயும் இல்லாதபோதே, சாகப் போகிறோம் என்ற அச்சம் திடீரென்று அவனைப் பற்றிக்கொண்டது. பயந்து யாரையும் கூப்பிடவில்லை. கீழே படுத்து, பிணம்போலக் கிடந்து, செத்தால் போவது எது, நிற்பது எது என்று தனக்குள்ளேயே பார்த்தான். எழுந்தபோது பழைய பையனாக இல்லை. விளையாட்டும் போயிற்று, படிப்பும் போயிற்று. அருணாசலம் என்ற பெயர் மட்டும் மனத்தில் நின்றது.

படிக்காத பையனுக்கு வாத்தியார் தண்டனை கொடுக்காமல் விடுவாரா? ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதி வரச் சொன்னார். ஆகஸ்டு 29 அன்று இரண்டு தடவை எழுதியவன் மூன்றாவது தடவை காகிதத்தைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். பார்த்துக்கொண்டிருந்த தமையனுக்குக் கோபம் வந்தது. இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னான். சுருக்கென்று தைத்தது. ஆனால் வேங்கடராமன் சண்டைக்குப் போகவில்லை. அண்ணன் சொல்வது நியாயந்தான் என்று எடுத்துக்கொண்டான்.

பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறதென்று ஒரு பொய் சொன்னான். அப்படியானால் போகிற வழியில் என் காலேஜ் சம்பளத்தையும் கட்டிவிடு, பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொள் என்றான் அண்ணன். வழிச் செலவுக்கு வழி பிறந்தது! சித்தி சோறு போட்டுப் பணத்தையும் கொடுத்தாள். பையன் ஒரு பழைய அட்லஸைப் புரட்டினான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் போகும் கிளைப் பாதை அதில் இல்லை. புத்தகம் அச்சான பிறகு போட்ட பாதை அது. படத்தில் திருவண்ணாமலைக்கு அருகே இருந்த ஸ்டேஷன் திண்டிவனம். அங்கே போய்ச் சேர மூன்று ரூபாய் போதும் என்று கணக்கிட்டான். மிச்சம் இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்தான். நல்ல காரியமாகவே போகிறேன், வருந்த வேண்டாம், தேடிப் பணம் செலவிட வேண்டாம், அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பது கடிதத்தின் சாரம். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

வீட்டை விட்டு ஓடுகிற பையன் அடுத்தவர் பணத்துக்கு இப்படிக் கணக்கு வைத்துவிட்டுப் போவது அபூர்வந்தான்.

ரயில் போயிருக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டது. ஆனால் அன்று ரயிலும் தாமதம். இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினான். கட்டணப் பலகையில் இன்னும் சற்றுத் தள்ளிப் பார்த்திருந்தால் திருவண்ணாமலை என்ற பெயரும் மூன்று ரூபாய் என்ற கட்டணமும் கண்ணில் பட்டிருக்கும். பார்க்கவில்லை. கையில் மிஞ்சியது மூன்று அணா.

இரண்டரை அணா

வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி, வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தார். எங்கே போகிறான் என்று கேட்டறிந்து, திண்டிவனம் வரை போக வேண்டியதில்லை, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று அவர்தான் சொன்னார். பொழுது சாயும் நேரம் திருச்சி வந்தது. பசி. அரை அணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கினான். இரண்டு வாய் கடித்ததும் வயிறு நிறைந்ததுபோல் ஆகிவிட்டது.

விடியற்காலை மூன்று மணிக்கு விழுப்புரம். வெளிச்சம் வந்ததும் ஊருக்குள் போய், திருவண்ணாமலைக்கு வழிகாட்டும் பலகையைத் தேடினான். மாம்பழப்பட்டு என்ற பெயர்ப் பலகைதான் அகப்பட்டது. அது வழியில் உள்ள ஊர் என்பது அவனுக்குத் தெரியாது. ஓர் ஓட்டலில் நுழைந்து சாப்பாடு கேட்டான். நடுப்பகல் வரை காத்திருக்கச் சொன்னார்கள். சாப்பிட்டு முடித்து இரண்டு அணாவை நீட்டினான். காதில் கடுக்கனும் கையில் ஒன்றுமில்லாமலும் வந்திருக்கும் அந்தணச் சிறுவனை ஓட்டல்காரர் காலையிலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தார். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். இரண்டரை அணா. ஓட்டல்காரர் காசை வாங்க மறுத்துவிட்டார்.

அந்த இரண்டரை அணா எதுவரை கொண்டுபோகுமோ அதுவரை டிக்கெட் வாங்கினான். மாம்பழப்பட்டில் இறக்கிவிட்டது. அதற்கு மேல் கால்தான்.

இன்று அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிள் பழுதாகி நின்றால், அடுத்த ஊர்வரை தள்ளிக்கொண்டு போய் ஒரு மெக்கானிக்கைப் பிடிக்கலாம். வீட்டுக்கும் போன் செய்யலாம். வேங்கடராமனும் யாரிடமாவது கேட்டு மதுரைக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். போடக் கூடாது என்பது அவன் முடிவு. அதுதான் அவன் நிலையைக் கடினமாக்கியது.

பத்து மைல் நடந்தான். இருட்டும் நேரத்தில், பெண்ணையாற்றங்கரையில் ஒரு பாறைமேல் உயர்ந்து நிற்கும் கோயில் தெரிந்தது. அறையணிநல்லூர், இன்று அரகண்டநல்லூர் என்கிறார்கள். திருஞானசம்பந்தர் இங்கிருந்து அண்ணாமலையைக் கண்டு தொழுதார் என்பது வழிவழி வரும் செய்தி. கதவு திறந்ததும் உள்ளே போய்த் தூணருகில் உட்கார்ந்தான். பூஜை முடிந்தது. சோறு கேட்டான், இல்லை என்றார்கள். இரவு தங்கலாமா என்றான், அதற்கும் இடமில்லை. கீழூர்க் கோயிலில் ஏதாவது கிடைக்கலாம், கூட வா என்றார்கள்.

முக்கால் மைல் அப்பால் கீழூர், வீரட்டானேசுவரர் கோயில். அங்கும் பூஜை முடிந்து இரவு ஒன்பது மணி அளவில், கேட்டதற்கு இல்லையென்றே பதில் வந்தது. அப்போது வாய் திறந்தவர் கோயில் மேளக்காரர். என் பங்குச் சோற்றை இந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்றார். பெரிய அதிகாரம் எதுவும் இல்லாதவர். தமக்கென்று இருந்த ஒரு கவளத்தைக் கொடுத்தவர். அவர் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

இலைச் சோற்றோடு, தண்ணீருக்காகப் பக்கத்தில் ஒரு சாஸ்திரியார் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் நின்றவன் தூக்கமோ மயக்கமோ தெரியாமல் சில அடி நடந்து விழுந்தான். கண் விழித்தபோது சுற்றிலும் சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிந்திய சோற்றைக் கூட்டியெடுத்துத் தின்று, தண்ணீர் குடித்து, அங்கேயே தரையில் படுத்துவிட்டான்.

கடுக்கன்

மறுநாள், ஆகஸ்டு 31, கோகுலாஷ்டமி. திருவண்ணாமலை இன்னும் இருபது மைல். கால் நகர மறுத்தது. விற்க எதுவும் இல்லையே என்று நினைத்தபோது காது நினைவுக்கு வந்தது: சிவப்புக்கல் பதித்த தங்கக் கடுக்கன்.

முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டு வாசலில் போய்ச் சோறு கேட்டான். கிருஷ்ணன் பிறந்த நாளில் பசித்து வந்த சிறுவனைக் கண்டு அந்த வீட்டு அம்மாளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வயிறு நிறைந்த பிறகும் இன்னும் சாப்பிடு என்று கட்டாயப்படுத்தினாள். பிறகு அவன் பாகவதரிடம் கடுக்கனைக் கழற்றிக் கொடுத்தான். மதிப்பு இருபது ரூபாய் இருக்கும். கேட்டது நான்கு ரூபாய். வழியில் மூட்டையைத் தொலைத்துவிட்டதாக ஒரு காரணமும் சொன்னான். பாகவதர் கடுக்கனைச் சோதித்துப் பார்த்துப் பணம் கொடுத்தார். பையனின் விலாசத்தை வாங்கிக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் வந்து மீட்டுக்கொள்ளலாம் என்று தம் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். அம்மாள் பகலிலும் சோறு போட்டு, கிருஷ்ணனுக்கு இன்னும் படைக்காத பட்சணத்திலேயே ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

தெருவைத் தாண்டியதும் விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டான். மீட்க வரப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். காலை வரை ரயில் இல்லை, ஸ்டேஷனிலேயே படுத்துக்கொண்டான்.

செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலை திருவண்ணாமலையில் இறங்கி, நேரே அருணாசலேசுவரர் சந்நிதிக்குப் போனான். வெளியே வந்ததும், குடுமியை எடுக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். அய்யங்குளத்தங்கரையில் தலையை மழித்துக்கொண்டான். பட்சணப் பொட்டலத்தைக் குளத்தில் எறிந்தான், பூணூலையும் எறிந்தான். மீதிப் பணத்தையும் எறிந்தான். எண்ணிப் பார்த்தால் மூன்று ரூபாய்க்குச் சற்று அதிகம், மதுரையில் புறப்பட்டபோது இருந்த அளவுதான்!

தாய் தேடி வந்து மகனைக் கண்டது 1898-ல், பவழக்குன்றில். நாள்தோறும் வந்து அழுதாள். மௌனமாக இருந்த அவர், நடப்பது வினைப்படி நடக்கும் என்ற கருத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அவள் திரும்பிப் போனாள். 1916-ல் மகனோடேயே இருந்துவிட வந்தாள். 1922-ல் அங்கேயே மறைந்தாள். அவள் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் எழுந்தது. லண்டனிலிருந்து 1931-ல் பால் பிரண்டன் வந்தார். 1938-ல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார்.

கடல் கடந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர் மட்டும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ரயில் ஏறவே இல்லை. ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அந்த மலையை விட்டு அகலாமல் இருந்து, 1950 ஏப்ரல் 14-ந் தேதி இரவு அங்கேயே கண் மூடினார்.