கடலோடிகளின் பொதுச் சொத்து: மாத்யூ மோரி சேர்த்த அறிவுக் களஞ்சியம்

நடுக்கடலில் எந்த மாதம் எந்தத் திசையில் காற்று அடிக்கும்? இன்று செல்போனைத் தட்டினால் தெரிந்துவிடும். 180 ஆண்டுகளுக்கு முன்பு, அது அனுபவப்பட்ட கேப்டன்களின் மனசுக்குள் மட்டுமே இருந்தது. ஆள் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும். அதைத் திரட்டி எல்லோருக்கும் பொதுவாக்கியவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாத்யூ மோரி. யார் இவர்? எப்படிச் செய்தார்?

கால் முறிந்தது, வழி மாறியது

வர்ஜீனியாவில் 1806 ஜனவரி 14-ல் பிறந்தவர் மோரி. 19 வயதில் கடற்படையில் சேர்ந்து, கப்பலில் உலகைச் சுற்றி வந்தார். 1831-ல் ‘ஃபால்மவுத்’ என்ற கப்பலுக்கு வழி கணிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னைச் சுற்றிப் போக வேண்டும். அங்கே காற்றும் நீரோட்டமும் எப்படி இருக்கும் என்று தேடிப் பார்த்தார். உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. அத்தனை கப்பல்கள் போய்வந்த வழி, ஆனால் அடுத்தவருக்கு உதவுகிற குறிப்பு இல்லை. இந்தக் குறை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

1839-ல் ஓஹியோவில் அவர் பயணம் செய்த குதிரை வண்டி கவிழ்ந்து கால் முறிந்தது. கடல் வாழ்க்கை அதோடு முடிந்தது. 1842-ல் வாஷிங்டனில் கடற்படையின் வரைபடக் காப்பகத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். சாதாரண மேசை வேலைதான். ஆனால், அங்கே பழைய லாக் புத்தகங்கள் சும்மா குவிந்து கிடந்தன. கப்பல் அன்றன்று எங்கே இருந்தது, காற்று எப்படி, நீரோட்டம் எப்படி என்று மாலுமிகள் எழுதிய குறிப்பேடுகள் அவை. மற்றவர்களுக்குக் குப்பையாகத் தெரிந்தது மோரிக்குப் புதையலாகத் தெரிந்தது.

கொடுத்தால் கிடைக்கும்

அந்தக் குறிப்புகளைக் கடற்பகுதி வாரியாக, மாத வாரியாகப் பிரித்துத் தொகுக்க வைத்தார். 1847-ல் வட அட்லாண்டிக்கின் காற்று, நீரோட்ட வரைபடங்கள் வெளிவரத் தொடங்கின. கேப்டன்கள் உடனே நம்பிவிடவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் நமக்கு வழி சொல்வதா என்ற தயக்கம் இருக்கத்தானே செய்யும்?

1848-ல் ஜாக்சன் என்ற கேப்டன் துணிந்து, பால்டிமோரிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்கு மோரி காட்டிய வழியில் போனார். வழக்கமாக 55 நாள் ஆகும் பயணம் 38 நாளில் முடிந்தது. அதன்பிறகு நிலைமை தலைகீழானது. நாள் குறைந்தால் செலவு குறையும், குடிநீரும் உணவும் மிச்சமாகும், ஆபத்தும் குறையும் இல்லையா?

வரைபடத்தை மோரி விலைக்கு விற்கவில்லை. தன் பயணக் குறிப்பை எழுதி அனுப்பும் கேப்டனுக்கு வரைபடம் இலவசம். அவ்வளவுதான் நிபந்தனை. பயன்படுத்துபவரே பங்களிப்பாளரும் ஆனார். குறிப்புகள் கூடக் கூட வரைபடம் மேம்பட்டது. வரைபடம் மேம்பட மேம்படக் குறிப்புகளும் கூடின.

ஆனாலும் ஒரு சிக்கல். ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதினால் எதையும் ஒப்பிட முடியாது. அதனால், என்னென்ன விவரத்தை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று பொதுவான படிவம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். 1853-ல் அவரது முயற்சியால் பிரஸ்ஸல்ஸில் 10 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். கடலில் வானிலையை ஒரே முறையில் பதிவுசெய்ய ஒத்துக்கொண்டனர். போரில் கப்பல் பிடிபட்டாலும் அந்தக் குறிப்பேட்டுக்குத் தீங்கு வரக் கூடாது என்ற விருப்பமும் அங்கே பதிவானது.

இன்னொரு பக்கம்

மோரியைப் புகழ்ந்துவிட்டு இதோடு நிறுத்திவிட முடியாது. தகவல் கிடைக்காத இடத்தை ஊகத்தால் நிரப்பும் பழக்கம் அவருக்கு இருந்தது. வடதுருவத்தைச் சுற்றி உறையாத கடல் இருக்கிறது என்று நம்பினார். அது தவறு.

அதைவிடப் பெரிய தவறும் உண்டு. கடல் அறிவை எல்லோருக்கும் திறந்துவிட்டவர், நிலத்தில் மனிதர்களை அடிமையாக வைத்திருந்த ஏற்பாட்டின் பக்கம் நின்றார். அமெரிக்கத் தெற்கின் அடிமை முதலாளிகள், அடிமைகளோடு அமேசான் பகுதியில் குடியேறலாம் என்று 1850-களில் யோசனை சொன்னார். 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் பதவியை விட்டு, தெற்கு மாகாணங்களின் கூட்டமைப்பில் சேர்ந்தார். கப்பல்கள் பத்திரமாகப் போய்வர உழைத்தவர், கப்பல்களைத் தகர்க்கும் கடல் கண்ணிவெடிகளை உருவாக்கினார். 1873 பிப்ரவரி 1-ல் வர்ஜீனியாவின் லெக்சிங்டனில் இறந்தார். ரிச்மண்டில் இருந்த அவரது சிலை 2020-ல் அகற்றப்பட்டது.

சிலை போனாலும் குறிப்புகள் போகவில்லை. மோரி திரட்டிய கப்பல் பதிவுகள் பின்னாளில் கணினியில் ஏற்றப்பட்டு, 19-ம் நூற்றாண்டின் கடல் வானிலையை அறியப் பருவநிலை ஆய்வாளர்களுக்கு இன்றும் உதவுகின்றன. அந்த வரிகளை எழுதியவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத மாலுமிகள். ஆடும் கப்பலில், விளக்கு வெளிச்சத்தில், அன்றைய காற்றை மறக்காமல் குறித்து வைத்தவர்கள். களஞ்சியத்துக்குத் திட்டம் போட்டவர் மோரி; அதை நிரப்பியவர்கள் அவர்கள்தான்.