ஞாயிறு விடுமுறையும் வ.உ.சி.யும்

மூணாறு லயங்களில் குடியிருப்போரில் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அதே சீமையில், ஒட்டப்பிடாரத்தில், 1872 செப்டம்பர் 5-ந் தேதி பிறந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அவர் கப்பல் ஓட்டியதும் செக்கு இழுத்ததும் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று தொழிலாளிகளுக்காக அவர் நின்ற கதையை அறிந்தவர்கள் குறைவு.

வக்கீலாக இருந்த வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அதே ஊரில் ஹார்வி என்ற வெள்ளைக்காரரின் நிர்வாகத்தில் கோரல் மில் நடந்து வந்தது. விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை. சிறுவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. கூலி அற்பம், வார விடுமுறையோ கிடையாது.

1908 பிப்ரவரியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பொதுக் கூட்டங்களில் இந்தக் கொடுமையை எடுத்துச் சொன்னார்கள். பிப்ரவரி 27-ந் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலியை உயர்த்த வேண்டும், வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், வார விடுமுறை தர வேண்டும் என்பவை அவர்களது கோரிக்கைகள்.

அன்றாடங்காய்ச்சிக்கு வேலைநிறுத்தம் என்றால் அடுப்பு எரியாது. அதை உணர்ந்த வ.உ.சி. ஊராரிடம் நிதி திரட்டி அவர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்தார். ஊரும் கூட நின்றது. கம்பெனிக்குப் பரிந்து பேசியவருக்குச் சவரம் செய்யவும் ஆள் வரவில்லை. ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

அரசாங்கம் இதைப் பொறுக்கவில்லை. மார்ச் 12-ந் தேதி வ.உ.சி. கைதானார். நெல்லையில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அப்போதுதான் கூலி உயர்வு பெற்றிருந்த கோரல் மில் தொழிலாளிகள், தங்களுக்காக எதுவும் கேட்காமல், அவருக்காக மீண்டும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அந்த நன்றி மறக்கத்தக்கதல்ல.

இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, அப்பீலில் குறைந்தது. கோவைச் சிறையிலும், இந்தக் கேரளத்துக் கண்ணூர்ச் சிறையிலும் வாடி, 1912 டிசம்பரில் விடுதலையானார். கப்பல் கம்பெனியோ கைவிட்டுப் போயிருந்தது. வறுமையிலும் தொழிற்சங்கப் பணியை அவர் விடவில்லை. 1936 நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

சுதந்திரத்துக்குப் பின் 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வுக்கு வழி வகுத்தது. 1958-ன் கேரளச் சட்டம் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம் ஆகியவற்றோடு பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்துடன் விடுமுறை தந்தது. தேயிலைத் தோட்டங்களும் அதில் அடங்கும். அந்நாட்களில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு வேறொரு நாள் மாற்று விடுமுறை.

கொழுந்து பறிப்பவரானாலும், கடையிலோ லாட்ஜிலோ கணக்கு எழுதுபவரானாலும், அவருடைய விடுமுறை முதலாளி மனமிரங்கித் தரும் இனாம் அல்ல. மாற்று விடுமுறையைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், அந்த ஒரு ஞாயிற்றுக்காக ஒன்பது நாள் பட்டினிக்குத் துணிந்தவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.